ஓ-பிரியோன் திராட்சைத் தோட்டம்

ஷாத்தோ ஓ-பிரியோன் என்பது பிரான்சின் தென்மேற்கில் போர்தோ நகரை ஒட்டிய பெசாக்கில் உள்ள ஒயின் பண்ணை. ஏறத்தாழ 500 ஆண்டுகளாக இங்கே தொடர்ந்து திராட்சை விளைகிறது. போர்தோ வட்டாரத்தின் உச்சத் தர ஒயின்களில் மிகப் பழமையான பெயர் இதுவே. 1855ஆம் ஆண்டின் புகழ்பெற்ற தரவரிசையில் முதல் வகுப்பில் இடம்பெற்ற நான்கு பண்ணைகளுள் ஒன்று. அந்தப் பட்டியலின் சிவப்பு ஒயின்களில் மெதோக் பகுதிக்கு வெளியிலிருந்து சேர்க்கப்பட்டதும் இது ஒன்றுதான்.

போர்தோ ஒயின் ஊர்ப்பெயராலோ வட்டாரப் பெயராலோ விற்பனையான காலத்தில், ஒரு குறிப்பிட்ட தோட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கும் வழக்கத்தை உண்டாக்கியது இந்தப் பண்ணை. அந்தப் பெயர் நிலைபெற்ற இடம் போர்தோ அன்று, லண்டன். நீதிமன்ற அதிகாரிகள், அரசியல்வாதிகள், வங்கியாளர்கள் எனப் பெரும்பாலும் வேறு துறைகளில் பொருள் ஈட்டியவர்களே அடுத்தடுத்து இதன் உரிமையாளர்களாக இருந்தார்கள். விளைச்சல் கெட்ட ஆண்டுகளிலும் நிலத்தைக் கைவிடாமல் இருக்கவும், தரத்துக்காகச் செலவழித்துப் பல ஆண்டுகள் காத்திருக்கவும் அவர்களால் முடிந்தது.

அமைவிடமும் மண்ணும்

பண்ணை ஒரு காலத்தில் நகரத்துக்கு வெளியே திறந்த வெளியில் இருந்தது. 1841இல் போர்தோவிலிருந்து கடற்கரையை நோக்கி ரயில் பாதை போடப்பட்ட பிறகு புறநகர்க் குடியிருப்புகள் பெருகின. பெசாக்கும் அடுத்துள்ள தலான்ஸும் இன்று போர்தோ மாநகரத்தோடு இணைந்துவிட்டன. வீடுகளும் சாலைகளும் சூழ்ந்து நிற்க, நடுவில் 50 ஹெக்டேர் அளவிலான திராட்சை நிலம் மட்டும் தப்பி நிற்கிறது. சுற்றுவட்டாரத்தில் இருந்த பல பழைய தோட்டங்கள் கட்டட மனைகளாகிவிட்டன. நகரத்தின் கதகதப்பால் இங்கே பழம் முன்னதாகவே முதிர்கிறது. போர்தோவில் அறுவடையை முதலில் தொடங்கும் பண்ணைகளில் இதுவும் ஒன்று.

நிலம் மெல்ல உயர்ந்து செல்லும் இரு மேடுகளாக அமைந்திருக்கிறது. பழைய ஆற்றோட்டம் கொண்டுவந்து சேர்த்த சரளைக்கல் தடிமனாகப் படிந்திருக்க, அதன் கீழே மணலும் களிமண்ணும் உள்ளன. இப்பகுதி முழுவதற்கும் கிராவ் என்ற பெயர் வரக் காரணமே இந்தச் சரளைதான். மழைநீர் கற்களுக்கிடையே விரைவாக வடிந்துவிடும். கொடி நீரைத் தேடி வேரை ஆழமாக இறக்கும். பகல் வெயிலில் சூடேறிய கற்கள் இரவிலும் சற்று வெப்பம் தருவதால் பழம் சீராகப் பழுக்கும். நெல்லுக்கோ கோதுமைக்கோ உதவாத நிலம் திராட்சைக்கு உகந்ததாக அமைவது இப்படித்தான்.

சிவப்பு ஒயினுக்கு மெர்லோ, கபர்னே சோவினியோன், கபர்னே ஃபிரான் ஆகிய வகைகள் பயிராகின்றன. மெதோக்கின் பெரிய பண்ணைகளோடு ஒப்பிட்டால் இங்கே மெர்லோவின் பங்கு அதிகம். மூன்று ஹெக்டேருக்கும் குறைவான பரப்பில் செமியோன், சோவினியோன் பிளாங் வகைகளிலிருந்து வெள்ளை ஒயினும் எடுக்கிறார்கள். அது மிகச் சிறிய அளவில் மட்டுமே வெளிவருவதால் சிவப்பு ஒயினைவிட அரிதாகக் கிடைக்கிறது.

தொடக்கம்: போன்தாக் குடும்பம்

போர்தோவைச் சுற்றித் திராட்சை பயிரிடுவது ரோமானியர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1152இல் அக்கித்தேன் சீமையின் வாரிசான எலியனோர், பின்னாளில் இங்கிலாந்தின் மன்னரான இரண்டாம் ஹென்றியை மணந்தார். அதன் பிறகு 300 ஆண்டுகள் இந்தப் பகுதி ஆங்கில முடியின் கீழ் இருந்தது. 1453இல் பிரெஞ்சுப் படை போர்தோவை மீட்டபோது ஆட்சி மாறியது. இங்கிலாந்தின் ஒயின் தாகம் மாறவில்லை. கப்பல் கப்பலாகப் போன அந்தக் கால ஒயினுக்குத் தனி முகவரி ஏதுமில்லை. பல தோட்டத்துச் சரக்கும் கலந்து பீப்பாயில் ஏறும். ஓராண்டுக்குள் குடித்து முடித்தாக வேண்டும். அடுத்த அறுவடைச் சரக்கு வந்ததும் பழையது விலை இழக்கும்.

ஓ-பிரியோன் என்ற இடத்தின் பெயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பத்திரங்களில் காணப்படுகிறது. பண்ணையாக அதற்கு உருக்கொடுத்தவர் ஜான் த போன்தாக். வணிகத்தில் செழித்து நகர நிர்வாகத்துக்குள் நுழைந்த குடும்பம் அவருடையது. அவர் போர்தோ பார்லமாந் என்னும் அரச உயர்நீதிமன்றத்தின் பதிவாளர். 1525இல் லிபூர்ன் நகர மேயரின் மகள் ஜான் த பெல்லோனை மணந்தபோது இப்பகுதி நிலத்தில் ஒரு பங்கு சீதனமாக வந்தது. 1533இல் ஓ-பிரியோன் மாளிகை உரிமையையும் விலைக்கு வாங்கினார். சுற்றியிருந்த நிலங்களைத் துண்டு துண்டாகச் சேர்த்தார். 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் எழுப்பிய மாளிகை இன்றும் ஒயின் புட்டியின் லேபிளில் இருக்கிறது. மாளிகையைச் சரளை மேட்டின் மீது கட்டாமல், திராட்சைக்கு உதவாத தாழ்ந்த பகுதியில் கட்டினார். நல்ல மண்ணை வீட்டுக்குக் கொடுக்க மனமில்லாதவர் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

மூன்று திருமணங்கள், 15 பிள்ளைகள் என நிறைவாழ்வு வாழ்ந்த ஜான் த போன்தாக், 1589இல் 101 வயதில் இறந்தார். அவர் வாழ்நாளில் பிரான்சில் ஏழு மன்னர்கள் ஆண்டார்கள். பண்ணையின் முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே மனிதரின் கையில் கழிந்தது, நிலம் சிதறாமல் ஒன்றுசேர உதவியது.

லண்டனில் பெயர் பெற்றது

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பண்ணை மூன்றாம் அர்னோ த போன்தாக்கிடம் இருந்தது. அவர் போர்தோ பார்லமாந்தின் தலைமை நீதிபதி. நகரத்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். பழம் நன்றாகப் பழுக்கும் வரை காத்திருப்பது, பீப்பாய் வற்றும்போதெல்லாம் ஒயின் ஊற்றி நிரப்பிக் காற்றுப் படாமல் காப்பது, அடியில் தங்கும் கசடை விட்டுத் தெளிந்ததை மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றுவது போன்ற கவனிப்புகள் இந்தக் காலத்தில் போர்தோவின் சிறந்த தோட்டங்களில் பழக்கமாயின. இப்படிச் செய்த ஒயின் நிறத்தில் அடர்ந்தது. சில ஆண்டுகள் வைத்திருந்தால் கெடாமல் மேம்பட்டது. ஓராண்டுச் சரக்காக இருந்த போர்தோ ஒயினுக்கு இது புதிய குணம்.

இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் 1660இல் அரியணை ஏறினார். அவருடைய ஒயின் அறைக் கணக்கேட்டில் 1660–61ஆம் ஆண்டுகளுக்கான பதிவாக "ஹோப்ரியோனோ" 169 புட்டி என்ற குறிப்பு இருக்கிறது. 1663 ஏப்ரல் 10 அன்று சாமுவேல் பீப்ஸ் லண்டன் லம்பார்டு தெருவிலுள்ள ராயல் ஓக் மதுக்கூடத்தில் "ஹோ பிரையன்" என்ற பிரெஞ்சு ஒயினைக் குடித்துவிட்டு, வேறு எதிலும் காணாத தனிச்சுவை இதற்கு இருந்ததாக நாட்குறிப்பில் எழுதினார். பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் கேட்டதும் கொடுத்ததும் ஒரு தோட்டத்தின் ஒயின். பொதுவான போர்தோ சரக்கு அன்று.

1666 செப்டம்பரில் பெருந்தீ லண்டனை எரித்தது. அதன் பின் அர்னோ தன் மகன் பிரான்சுவா-ஓகுஸ்தை அங்கே அனுப்பினார். நகரின் வணிகப் பகுதியில், ஆப்சர்ச் சந்தினை ஒட்டி, "போன்டாக்ஸ் ஹெட்" என்ற உணவு விடுதி எழுந்தது. அதன் பெயர்ப்பலகையில் அர்னோவின் உருவம் இருந்தது. சாராய நெடியும் சத்தமும் நிறைந்த மதுக்கூடங்களுக்கு நடுவே பிரெஞ்சு முறைச் சமையலையும் போன்தாக் தோட்டத்து ஒயினையும் உயர்ந்த விலையில் கொடுத்த அந்த விடுதி செல்வந்தர்களையும் அறிஞர்களையும் ஈர்த்தது. ராயல் சொசைட்டியின் ஆண்டு விருந்துகள் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கேதான் நடந்தன. 1711இல் இங்கு சாப்பிட்ட எழுத்தாளர் ஜானதன் ஸ்விஃப்ட், ஒரு குடுவைக்கு ஏழு ஷில்லிங் வாங்கிவிட்டு, மற்றவர்களைவிட மலிவாகக் கொடுப்பதாக விடுதிக்காரர் சொன்னதைக் கிண்டலாகக் குறித்துவைத்தார்.

விளைகிற இடத்தையே நேரில் பார்க்க வந்தவர் மெய்யியலாளர் ஜான் லாக். 1677 மே மாதம் பண்ணைக்கு வந்த அவர், மேற்கு நோக்கிய மேடு, வெண்மணல், அதில் கலந்த சிறு சரளை என்று மண்ணைப் பார்த்து, இதில் ஏதும் விளையாது என்றே எவரும் நினைப்பார்கள் என எழுதினார். ஒரு வாய்க்கால் மட்டுமே பிரிக்கும் அடுத்த தோட்டத்தில் மண் அப்படியே இருந்தும் ஒயின் இத்தனை நன்றாக இருப்பதில்லை என்று வணிகர்கள் அவரிடம் உறுதியாகச் சொன்னார்கள். விலை ஏறியதற்கும் அவர் காரணம் கண்டார்: என்ன விலையானாலும் சிறந்ததை அனுப்பு என்று கட்டளை அனுப்பும் பணக்கார ஆங்கிலேயர்கள்தான்.

அடுத்து வந்த போர்களும் தடைகளும் இந்தப் பெயரை அழித்திருக்க வேண்டும், நடந்தது நேர்மாறு. இங்கிலாந்து பிரெஞ்சு ஒயின் மீது கடும் தீர்வை விதித்தது. 1703இல் போர்த்துகலோடு செய்த மெதுவன் உடன்படிக்கை போர்த்துகீசிய ஒயினுக்குச் சலுகை தந்தது. தீர்வை விலையைப் பார்த்து அல்லாமல் அளவைப் பார்த்து விதிக்கப்பட்டதால் மலிவான பிரெஞ்சு ஒயினுக்கு அது தாங்க முடியாத சுமையாகியது. விலை உயர்ந்த ஒயினுக்கு மொத்த விலையில் சிறு பங்காகவே நின்றது. ஆகவே இங்கிலாந்துக்கு அனுப்பினால் உயர்தரச் சரக்கையே அனுப்ப வேண்டும் என்று ஆனது. 18ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் லண்டன் அரசிதழில் வந்த ஏல விளம்பரங்களிலும் தோட்டப் பெயர்கள் இடம்பெற்றன. போரில் பிடிபட்ட கப்பல்களின் பீப்பாய்களை விற்கும்போது ஓ-பிரியோன், போன்தாக், பின்னர் மார்கோ, லஃபித் என்று பெயர் குறித்தே கூவினார்கள்.

போர்தோவில் இதன் எதிரொலி நிலத்தில் தெரிந்தது. மெதோக்கின் சரளை மேடுகளிலும் திராட்சை நட ஆள்கள் போட்டி போட்டார்கள். உணவுத் தானிய நிலம் குறைகிறது என்று அஞ்சிய அரசு 1725இல் புதிய நடவைத் தடை செய்தது. அரசியல் சிந்தனையாளர் மொந்தெஸ்கியூவும் பெசாக் பகுதியில் ஓ-பிரியோன் தோட்டத்தின் அருகே தரிசு வாங்கி நடவு செய்யத் திட்டமிட்டிருந்தார். தன் நிலத்தில் எது விளைய வேண்டும் என்று அரசைவிட உரிமையாளனுக்கே தெரியும் என்ற வாதத்தோடு தடையை எதிர்த்து மனு எழுதினார்.

பங்கீடும் புரட்சியும்

அர்னோ 1681இல் இறந்தார். மகன் பிரான்சுவா-ஓகுஸ்த் படிப்பும் பல மொழி அறிவும் உள்ளவர் என்றாலும் கணக்கில் கெட்டிக்காரர் அல்லர். 1694இல் பெருங்கடனை விட்டுவிட்டு வாரிசு இல்லாமல் போனார். பண்ணை இரண்டாகப் பிரிந்தது. மூன்றில் இரண்டு பங்கும் மாளிகையும் அவருடைய சகோதரி தெரேஸ் வழியில் சென்றன. அவர் மார்கோ பண்ணையை வைத்திருந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். எனவே ஓ-பிரியோனும் மார்கோவும் நெடுங்காலம் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தன. மீதி மூன்றில் ஒரு பங்கு வேறு கிளைக்குப் போனது. ஒரே பெயரில் இரு தோட்டங்கள் என்ற இந்த நிலை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு நீடித்தது.

பெரும்பங்கு பின்னர் ஃபியுமெல் குடும்பத்துக்கு வந்தது. போர்தோவின் ராணுவ ஆளுநராக இருந்த ஜோசப் த ஃபியுமெல் கோமகன் மாளிகையை விரித்து, பூங்காவும் ஆரஞ்சு மரங்களுக்கான கூடமும் அமைத்தார். 1787 மே மாதம் தாமஸ் ஜெஃபர்சன் போர்தோவுக்கு வந்தபோது பண்ணை ஃபியுமெலுடையது. அப்போது பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜெஃபர்சன், ஓ-பிரியோன் மண்ணைப் பார்த்து மணலும் உருண்டைச் சரளையும் கலந்தது என்று குறித்தார். தலைசிறந்த தோட்டங்கள் நான்கு என்று வரிசைப்படுத்தி மார்கோ, லத்தூர், லஃபித் ஆகியவற்றோடு இதையும் சேர்த்தார். வர்ஜீனியாவில் இருந்த தன் மைத்துனருக்கு 1784ஆம் ஆண்டு விளைச்சலில் ஆறு டஜன் புட்டிகளை அனுப்பவும் செய்தார். 1855இல் அரசு விழாவுக்காக வெளியான பட்டியலின் முதல் வகுப்பு, 68 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பயணியின் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது. தரவரிசை சந்தையில் முன்பே முடிவாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிரெஞ்சுப் புரட்சியின் தொடக்கத்தில் ஃபியுமெல் மக்களோடு இணங்கிச் சென்றார். போர்தோ மேயராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் பயங்கர ஆட்சிக் காலத்தில் அந்த இணக்கம் பிரபுவாகப் பிறந்த அவரைக் காக்கவில்லை. 1794இல் கில்லட்டினுக்கு இரையானார், பண்ணை பறிமுதலானது. பின்பு உறவினருக்குத் திரும்பக் கிடைத்தபோதும் அவர்களால் வைத்துக்கொள்ள முடியவில்லை. 1801இல் நெப்போலியனின் வெளியுறவு அமைச்சர் தலேரான் அதை வாங்கினார். அவருடைய விருந்து மேசையின் புகழ் காரணமாகவும், வியன்னா மாநாட்டில் உணவும் ஒயினும் பரிமாறியே பிரான்சைக் காப்பாற்றினார் என்ற கதை காரணமாகவும், ஓ-பிரியோன் அவர் பெயரோடு நெருக்கமாகப் பேசப்படுகிறது. ஆனால் அவர் உரிமையாளராக இருந்தது மூன்று ஆண்டுகளே. 1804இல் ஒரு வங்கியாளருக்கு விற்றுவிட்டார். வியன்னா மாநாடு கூடியது அதற்குப் பத்தாண்டுக்குப் பின்.

லாரியூ குடும்பமும் 1855ஆம் ஆண்டுத் தரவரிசையும்

சில கைகள் மாறிய பின், 1836இல் ஏலத்துக்கு வந்த பண்ணையைப் பாரிஸ் வங்கியாளர் ஜோசப்-எழேன் லாரியூ வாங்கினார். 1840களின் தொடக்கத்தில் பிரிந்துபோன மூன்றாவது பங்கையும் விலைக்கு வாங்கிப் போன்தாக் காலத்து நிலத்தை மீண்டும் ஒன்றாக்கினார். அவருடைய மகன் அமெதே லாரியூ குடியரசுக் கட்சி அரசியல்வாதி. 1870இல் ஜிரோந்து மாவட்ட ஆட்சியரானார். போர்தோவில் ஒரு சதுக்கம் அவர் பெயரைத் தாங்குகிறது.

1855இல் மூன்றாம் நெப்போலியன் பாரிசில் உலகக் கண்காட்சி நடத்தினார். அதற்காகப் போர்தோ வணிகக் கழகம் கேட்டுக்கொண்டதற்கிணங்க நகரின் ஒயின் தரகர்கள் சங்கம் ஒரு பட்டியல் தயாரித்தது. ஏப்ரல் 18 அன்று கையளிக்கப்பட்ட அந்தப் பட்டியலுக்காக யாரும் புதிதாகச் சுவைத்துப் பார்க்கவில்லை. நீண்ட காலமாக ஒவ்வொரு பண்ணைச் சரக்கும் என்ன விலைக்குப் போயிற்று என்ற தரகுக் கணக்கே அடிப்படை. சிவப்பு ஒயின்கள் ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. முதல் வகுப்பில் லஃபித், மார்கோ, லத்தூர், ஓ-பிரியோன் ஆகிய நான்கு. தரகர்கள் மெதோக்கின் சிவப்பு ஒயின்களையே எண்ணிப் பட்டியலிட்டார்கள். அப்படியிருந்தும் கிராவ் பகுதியின் இந்த ஒரு பண்ணையை விட்டுவிட அவர்களால் இயலவில்லை; அதன் விலை மற்ற மூன்றுக்கும் இணையாக நின்றதே காரணம். பின்னாளில் முதல் வகுப்பில் நடந்த ஒரே மாற்றம், 1973இல் மூத்தோன் ரொத்ஷில்ட் சேர்க்கப்பட்டது.

புகழ் வந்த அதே காலத்தில் நோய்களும் வந்தன. 1850களில் சாம்பல் நோய் விளைச்சலைக் கெடுத்தது. கந்தகத் தூள் தூவி அதை அடக்கினார்கள். பிறகு அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி, பிரெஞ்சுக் கொடிகளின் வேரை உறிஞ்சிக் காயவைத்தது. எதிர்ப்புத் திறனுள்ள அமெரிக்க வேர்ச்செடியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டி நடுவதே நிலையான தீர்வாயிற்று. 1880களில் அடிச்சாம்பல் நோய் பரவியபோது போர்தோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மியார்தே, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்த போர்தோ கலவையை உருவாக்கினார். இன்று தமிழ்நாட்டுத் திராட்சை உழவர்களும் தெளிக்கும் போர்டோ கலவை இதுதான்.

அமெரிக்க உரிமை

முதல் உலகப் போரும் அதன் பின் வந்த பொருளாதாரச் சரிவும் போர்தோவை நொடித்தன. 1920களில் லாரியூ குடும்பத்திடமிருந்து பண்ணை கைமாறியது. அக்காலத்தில் மூத்தோனின் ஃபிலிப் த ரொத்ஷில்ட் முன்னின்று, ஒயினைப் பீப்பாயில் வணிகரிடம் ஒப்படைப்பதை விட்டுப் பண்ணையிலேயே புட்டியில் அடைக்க வேண்டும் என்று முதல்தரப் பண்ணைகளைச் சம்மதிக்க வைத்தார். 1924 விளைச்சலிலிருந்து ஏற்பட்ட அந்த உடன்பாட்டில் ஓ-பிரியோனும் சேர்ந்தது. கலப்படத்துக்கு இருந்த வழி இதனால் அடைபட்டது. பண்ணை தன் பெயருக்குக் கடைசி வரை தானே பொறுப்பேற்கும் நிலை வந்தது.

அடுத்த உரிமையாளர் ஆந்திரே ஜிபேர், திராட்சை நிலம் நிலைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பண்ணையைப் போர்தோ நகராட்சிக்கே கொடுக்க முன்வந்தும் நகராட்சி ஏற்கவில்லை. 1935 மே மாதம் நியூயார்க் வங்கியாளர் கிளாரன்ஸ் டில்லன் அதை வாங்கினார். டெக்சஸில் பிறந்து, டில்லன் ரீட் வங்கி நிறுவனத்தின் தலைவராக உயர்ந்தவர் அவர். அவர் வாங்கிய ஆண்டில் முதல்தர ஒயின்களே விலை போகாமல் கிடந்தன. நிர்வாகத்தைத் தன் உறவினர் சீமோர் வெல்லரிடம் ஒப்படைத்தார். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற வெல்லர் 1975 வரை பொறுப்பில் இருந்தார். வந்த கையோடு மின்சாரம், புதிய கருவிகள், சீரமைத்த ஒயின் அறைகள் எனச் செலவு செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் வெடித்தபோது மாளிகையைப் பிரெஞ்சு ராணுவ மருத்துவமனையாகப் பயன்படுத்த டில்லன் கொடுத்தார்; ஆக்கிரமித்த ஜெர்மானியர் அதைத் தங்கள் விமானப் படையினரின் ஓய்வில்லமாக மாற்றினார்கள். போர் முடிந்த ஆண்டின் விளைச்சலான 1945, பண்ணையின் சிறந்த விளைச்சல்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது.

கிளாரன்ஸின் மகன் டக்ளஸ் டில்லன் 1953 முதல் 1957 வரை பிரான்சில் அமெரிக்கத் தூதர். பின்னர் கென்னடி அரசில் நிதியமைச்சர். அவருடைய மகள் ஜோன் 1975இல் நிறுவனத் தலைவரானார். லக்சம்பர்க் இளவரசர் சார்லஸை மணந்து, அவர் மறைந்த பின் மூஷி கோமகனை மணந்தவர். 2008 முதல் ஜோனின் மகன் லக்சம்பர்க் இளவரசர் ராபர்ட் தலைமை ஏற்றிருக்கிறார். 1935இல் வந்த குடும்பம் இப்போது நான்காம் தலைமுறையில் இருக்கிறது.

தெல்மாஸ் மூன்று தலைமுறை

உரிமையாளர் வரிசைக்கு இணையாக இன்னொரு வரிசையும் இந்தப் பண்ணைக்கு உண்டு. 1920களில் மேலாளராகப் பொறுப்பேற்ற ஜார்ஜ் தெல்மாஸ், 1961இல் அவர் இடத்துக்கு வந்த மகன் ஜான்-பெர்னார், 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடர்ந்த பேரன் ஜான்-ஃபிலிப் என்று மூன்று தலைமுறை. ஜான்-பெர்னார் பிறந்ததே பண்ணை வளாகத்தில். பாரிசிலும் நியூயார்க்கிலும் இருந்த முதலாளிகளின் பணத்தைப் பெசாக்கின் மண்ணுக்குப் பொருந்தச் செலவழித்தது இவர்கள்தான்.

ஜான்-பெர்னார் வந்த 1961ஆம் ஆண்டிலேயே நொதித்தலுக்கு எவர்சில்வர் தொட்டிகள் வைக்கப்பட்டன. போர்தோவின் பெரிய பண்ணைகளில் இதைச் செய்தது ஓ-பிரியோன்தான் முதலில். அதுவரை ஓக் மரத் தொட்டியே வழக்கம். பிழிந்த சாறும் தோலும் தொட்டியில் நொதிக்கும்போது வெப்பம் எழும். தோல்கள் மேலே ஒதுங்கித் தடித்த மூடியாக மிதக்கும். வெப்பம் மிஞ்சினால் நொதிக்கச் செய்யும் ஈஸ்ட் செத்து, நொதித்தல் பாதியில் நின்றுபோகும். ஒயின் புளித்துக் கெடும். மரத் தொட்டியில் அதை அடக்க வழி குறைவு. எஃகுத் தொட்டியின் வெளிப்புறத்தில் குளிர்ந்த நீரை ஓடவிட்டால் சூடு தணியும். எரிகிற இலையுதிர்க் காலத்திலும் நொதித்தலைக் கையில் பிடித்து நடத்தலாம். பால் பண்ணைக்கு உரிய பாத்திரத்தில் முதல்தர ஒயினா என்று அன்று முகம் சுளித்தவர்கள் பலர். பிறகு போர்தோவின் பல பண்ணைகளும் அந்த வழிக்கு வந்தன.

1970களில் ஜான்-பெர்னார் கொடிகளையும் ஆராயத் தொடங்கினார். அரசு வேளாண் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து தோட்டத்துக் கொடிகளில் நோயற்றவை எவை, காய்ப்பும் சுவையும் எதில் பொருந்தி வருகின்றன என்று தனித்தனியாகப் பதிந்து, தேர்ந்தெடுத்த கொடிகளிலிருந்து கன்று எடுத்தார். ஒரே வகையில் ஒரே கொடியைப் பெருக்காமல் பலவற்றைக் கலந்து நடுவது அவர் முறை. ஒயின் முதிரும் ஓக் பீப்பாய்களைப் பண்ணைக்குள்ளேயே அடிக்கும் பட்டறையும் பின்னர் அமைந்தது. போர்தோ பீப்பாயின் கொள்ளளவு 225 லிட்டர். சிவப்பு ஒயின் அதில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்த பின்பே புட்டிக்கு வரும்.

புட்டியும் தனி அடையாளம் பெற்றது. 1958ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து, பழங்காலக் குடுவையை நினைவூட்டும் சரிந்த தோளுடைய சொந்த வடிவப் புட்டியில் ஓ-பிரியோன் வருகிறது. மற்ற போர்தோ புட்டிகள் நிமிர்ந்த தோளுடையவை என்பதால் அலமாரியில் எங்கிருந்தாலும் இதைக் கண்டுகொள்ளலாம்.

1976இல் பாரிசில் நடந்த சுவைப் போட்டியில், பிரெஞ்சு நடுவர்கள் பெயர் மறைத்துக் குடித்துப் பார்த்து ஒரு கலிஃபோர்னியச் சிவப்பு ஒயினுக்கு முதலிடம் தந்தது பெரும் பரபரப்பானது. ஓ-பிரியோனின் 1970 விளைச்சல் நான்காவதாக வந்தது. விற்பனையில் இதனால் பெரிய வீழ்ச்சி ஏற்படவில்லை. 1989 விளைச்சல் வந்தபோது விமர்சகர்கள் அதை இருபதாம் நூற்றாண்டின் சிறந்த ஒயின்களில் வைத்தார்கள்.

லா மிசியோனும் இன்றைய நிலையும்

சாலைக்கு மறுபக்கத்தில் லா மிசியோன் ஓ-பிரியோன் பண்ணை இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து புரட்சி வரை லசாரிஸ்ட் சபைத் துறவியர் அதை நடத்தினார்கள். 20ஆம் நூற்றாண்டில் வோல்ட்னர் குடும்பத்தின் கையில் அது ஓ-பிரியோனுக்கு நேர்ப் போட்டியாக வளர்ந்தது. 1983இல் டில்லன் குடும்பம் அதை வாங்கியது. இரண்டையும் கலக்கவில்லை. ஒரே குழு பராமரித்தும் இரு ஒயின்களும் வெவ்வேறு குணத்தோடு தனித்தனியாகவே வெளிவருகின்றன. வாய்க்கால் ஒன்றே பிரித்தும் அடுத்த தோட்டத்து ஒயின் இப்படி இல்லை என்று வணிகர்கள் லாக்கிடம் சொன்னதை, இன்று ஒரே முதலாளியின் கணக்கிலேயே சரிபார்க்கலாம்.

கிராவ் பகுதிக்கெனத் தனித் தரவரிசை 1953இல் வந்து 1959இல் திருத்தப்பட்டது. அதிலும் இதன் சிவப்பு ஒயின் இடம்பெற்றது. 1987இல் கிராவின் வடபகுதியைப் பிரித்துப் பெசாக்-லெயோஞான் என்ற புவிசார் பெயர் உருவாக்கப்பட்டது. அன்று முதல் லேபிளில் அந்தப் பெயரே இருக்கிறது. முதல் தரத்துக்குத் தேறாத சரக்கைத் தனிப் பெயரில் விற்பதும் வழக்கம். பஹான் ஓ-பிரியோன் என்று வந்த அந்த இரண்டாம் ஒயின், 2007 விளைச்சல் முதல் கிளாரன்ஸ் டில்லனின் நினைவாக லெ கிளாரன்ஸ் த ஓ-பிரியோன் என்று பெயர் மாறியது. 2011இல் குடும்ப நிறுவனம் சாந்-எமிலியோனில் ஒரு பண்ணையை வாங்கி கேந்துஸ் என்று பெயரிட்டது. 2015இல் பாரிசில் லெ கிளாரன்ஸ் உணவகத்தைத் திறந்தது. தங்கள் ஒயினை விற்பதற்குத் தலைநகர் ஒன்றில் தாங்களே உணவு விடுதி நடத்துவது இந்தப் பண்ணைக்குப் புதிதன்று. போன்தாக் குடும்பம் அதை லண்டனில் செய்து காட்டி மூன்றரை நூற்றாண்டு ஆகிறது.